பழைய ஆங்கிள்பாய்ஸ் விளக்கைச் சரிசெய்வதா, அதே டிசைனில் இப்போது வருவதை வாங்குவதா?

மீனா_கிழக்குலண்டன்

வணக்கம். போன மாதம் எஸ்ஸெக்ஸ் பக்கம் ஒரு கார் பூட் சேலில் (காரில் கொண்டுவந்து பழைய பொருள் விற்கும் சந்தை) 35 பவுண்டு கொடுத்து ஒரு மேசை விளக்கு வாங்கினேன். கருப்பு பெயிண்ட், பாதி உரிந்திருக்கிறது. அடிப்பாகம் சதுரம், குளத்துப் படிக்கட்டு மாதிரி இரண்டு அடுக்கு, தூக்கினால் கை வலிக்கும் கனம். அதற்கு மேல் மூன்று ஸ்பிரிங், நீளமாக இரண்டு கை, நுனியில் தகரக் குடை. ஹெர்பர்ட் டெர்ரி அண்ட் சன்ஸ், ரெட்டிச் என்று பொறித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் இது ஆங்கிள்பாய்ஸ் 1227 என்று தெரிந்தது, அதே நிறுவனம் இதையே "ஒரிஜினல் 1227" என்ற பெயரில் இப்போதும் விற்கிறது என்பதும் தெரிந்தது. ஒன்றிரண்டு நிறமில்லை, ஏகப்பட்ட நிறங்கள்.

எங்களுடையது சின்ன ஃபிளாட். வெள்ளைச் சுவர், ஓக் மேசை, வீட்டிலிருந்து வேலை. என் கணவர் புதியதையே வாங்கிவிடலாம் என்கிறார், அதன் விலை இருநூறு பவுண்டுக்கு மேல் போகிறது. எனக்குப் பழையதை விட மனசில்லை. ஆனால் ஒயரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, துணி சுற்றிய ரப்பர் ஒயர், தொட்டால் பொடியாக உதிர்கிறது.

என் சந்தேகம் இதுதான். மறுவெளியீடு என்று சொல்கிறார்களே, அது உண்மையில் அதே விளக்கா, அல்லது பழசின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வேறெதையோ விற்கிறார்களா? நம் ஊரில் பழைய படங்களை 4கே ஆக்கி ரீ-ரிலீஸ் செய்கிறார்களே, சிலது நன்றாக இருக்கிறது, சிலதில் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடுகிறது. இது எந்த ரகம்?

பழசுப்பித்தன்

முதல் வேலையாக அதை ப்ளக்கில் சொருகாதீர்கள். ஏற்கெனவே சொருகிப் பார்த்திருந்தால் இனிமேல் வேண்டாம்.

இரண்டு படி என்றால் 1938க்குப் பிறகு வந்தது. 1935இல் வந்த முதல் 1227க்கு மூன்று படி, குடையும் கொஞ்சம் குறுகல். இரண்டு படி ரகம் 1960களின் இறுதிவரை ஓடியது, அதனால் உங்களுடையது எந்த வருடம் என்று இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மூன்று படியாக இருந்திருந்தால் 35 பவுண்டுக்குக் கொடுத்தவர் இந்நேரம் தலையில் கை வைத்திருப்பார்.

பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை. உரிகிறதே என்று உப்புத்தாள் எடுத்து உட்கார்ந்துவிட வேண்டாம். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அந்தத் தூசி வீட்டுக்குள் பறக்கக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, உரிந்த இடத்தை அப்படியே விட்டால் போதும். உரிந்த பெயிண்டுதான் அதற்கு அழகு என்று நான் சொல்வேன், என் மனைவி வேறு மாதிரி சொல்வார்.

சுருள்வில்

நான் மெக்கானிக்கல் ஆள், விளக்கு வியாபாரி இல்லை. ஆனாலும் இந்த விளக்கைப் பற்றி யார் கேட்டாலும் என்னால் சும்மா இருக்க முடியாது, நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

இதை உருவாக்கிய ஜார்ஜ் கார்வர்டைன் கார் சஸ்பென்ஷன் பொறியாளர். பாத் நகரில் ஹார்ஸ்ட்மன் என்ற கார் நிறுவனத்தில் இருந்தவர். விளக்கு செய்ய வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. ஒரு கனத்தை எந்தத் திசையில் நகர்த்தினாலும் லேசாக நகர வேண்டும், விட்ட இடத்தில் அப்படியே நிற்க வேண்டும், அதற்கு ஸ்பிரிங்கை எப்படி அமைப்பது என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட கணக்கு. 1932இல் காப்புரிமைக்குப் போனார். ஸ்பிரிங் செய்து தந்த ஹெர்பர்ட் டெர்ரி நிறுவனமே பிறகு விளக்கையும் செய்ய ஆரம்பித்தது. முதலில் பட்டறைகளுக்காக நான்கு ஸ்பிரிங் வைத்த 1208 வந்தது, வீட்டுக்கென்று மூன்று ஸ்பிரிங்கோடு வந்ததுதான் உங்கள் கையில் இருப்பது. பெயர்கூட முதலில் ஈக்விபாய்ஸ் என்று வைக்க நினைத்தார்கள், அது ஏற்கெனவே இருக்கும் சொல் என்று பதிவு கிடைக்காததால் ஆங்கிள்பாய்ஸ் ஆனது.

சரி, கணக்குக்கு வருவோம். கையை நீட்டி ஒரு செம்பு தண்ணீரைப் பிடியுங்கள். கை கிடைமட்டமாக இருக்கும்போது தோளில் இழுப்பு அதிகம், மேலே தூக்கத் தூக்கக் குறையும். விளக்கின் கையும் அப்படித்தான், சாயும் கோணத்தைப் பொறுத்து அந்த இழுப்பு மாறிக்கொண்டே இருக்கும். சாதாரண ஸ்பிரிங்கைச் சும்மா மாட்டினால் ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் தராசு முள் நடுவில் நிற்கும், மற்ற கோணத்திலெல்லாம் கை விழும் அல்லது எழும்பும். கார்வர்டைன் ஸ்பிரிங்கை இறுக்கமாகச் சுற்றி, அதை மாட்டும் இரண்டு புள்ளிகளையும் கணக்குப் போட்டு வைத்தார். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே எவ்வளவு தூரமோ அந்த அளவுக்கே இழுக்கும்படி செய்துவிட்டால், ஸ்பிரிங் தரும் திருப்புவிசையும் கனத்தின் திருப்புவிசையும் கோணத்தோடு ஒரே மாதிரி ஏறி இறங்கும். எல்லாக் கோணத்திலும் சமம். இப்போது கடையில் மலிவாகக் கிடைக்கும் "அதே மாதிரி" விளக்குகளில் மூட்டில் ஒரு திருகு இருக்குமே, இறுக்கினால்தான் நிற்கும், ஆறு மாதத்தில் தலை தொங்கும். அது உராய்வில் நிற்கும் விளக்கு. உங்களுடையது சமநிலையில் நிற்பது.

அதனால் மறுவெளியீடு உண்மையானதா என்று பார்க்க நிறத்தையும் லேபிளையும் பார்க்க வேண்டாம். கடையில் ஒரு விரலால் தலையைத் தள்ளிப் பாருங்கள். எங்கே விட்டாலும் நிற்கிறதா, நின்ற பிறகு அரை அங்குலம் கீழே இறங்குகிறதா? புதிய 1227ஐ நான் இரண்டு கடைகளில் தள்ளிப் பார்த்திருக்கிறேன், நிற்கிறது. முகத்துக்கு மெழுகு பூசவில்லை.

வீட்டில் இருக்கும் பழையதுக்கும் ஒரு சோதனை உண்டு, மின்சாரமே வேண்டாம். பல்பைக் கழற்றிவிட்டுக் கையை நடுவாக்கில் விடுங்கள். மெதுவாக மேலே எழும்பினால் ஸ்பிரிங்குகளில் இன்னும் உயிர் இருக்கிறது. பல்பு இல்லாமலே கீழே தொங்கினால் ஒன்று ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது இடையில் யாரோ வேறு ஸ்பிரிங் மாட்டியிருக்கிறார்கள்.

கோபன்ஹேகன்_குமரன்

சுருள்வில் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பழைய விளக்கை மறுபடி வெளியிடுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி பல்புதான். ஐரோப்பாவில் 100 வாட் குண்டு பல்பை 2009இலும், 60 வாட்டை 2011இலும், 25, 40 வாட்டை 2012இலும் நிறுத்திவிட்டார்கள். எந்த வெளிச்சத்துக்காக அந்தக் குடையை வளைத்தார்களோ அந்த வெளிச்சமே போய்விட்டது.

நான் இருக்கும் ஊரில் விளக்கு வடிவமைத்த பவுல் ஹென்னிங்சென் என்றால் சாமி மாதிரி. பிஹெச் 5 என்ற தொங்குவிளக்கு, 1958இல் வந்தது, குறுக்களவு 50 சென்டிமீட்டர், இங்கே எந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலேயும் பார்க்கலாம். பல்பு கம்பெனிக்காரர்கள் அளவையும் வடிவத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற எரிச்சலில், எந்தப் பல்பைப் போட்டாலும் கண்ணில் குத்தாத மாதிரி ஒரு விளக்கு வேண்டும் என்று அவர் செய்தது அது. உள்ளே சின்னத் தகடுகளுக்குச் சிவப்பும் நீலமும் அடித்திருப்பார், வெளிச்சத்தின் நிறத்தைக் கொஞ்சம் சரிக்கட்ட. பல்பு மாறும் என்று எதிர்பார்த்தே செய்ததால் எல்இடி வந்த பிறகும் அந்த விளக்குக்குப் பெரிய சேதமில்லை. எல்லா விளக்குக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வெர்னர் பான்டனின் பான்தெல்லா 1971இல் வந்த காளான் விளக்கு. அதன் சின்ன வடிவத்தை 2016இல் உலோகக் குடையோடு, உள்ளேயே எல்இடி பொருத்தி வெளியிட்டார்கள். சின்ன ஃபிளாட்டுக்குக் கச்சிதம், அழகுதான். ஆனால் பல்பைக் கழற்றி மாற்ற முடியாது என்றால் பதினைந்து வருடம் கழித்து என்ன செய்வது என்ற கேள்வி எனக்கு நெருடுகிறது. ஐம்பது வருடம் நின்ற வடிவம் என்று சொல்லி விற்கிறார்கள், உள்ளே இருக்கும் மின்னணுப் பலகைக்கு அவ்வளவு ஆயுசு இருக்குமா? மறுவெளியீடு வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இது. சாதாரண ஹோல்டரா, உள்ளே பொருத்திய எல்இடியா, பின்னதென்றால் பாகம் தனியாகக் கிடைக்குமா.

மீனா, உங்கள் பழையதுக்குப் பல்பு வாங்கும்போது கனத்தைப் பாருங்கள். பழைய கண்ணாடி பல்பு முப்பது கிராம் பக்கம்தான் இருக்கும். அடியில் கனமான வெப்பத்தகடு வைத்த எல்இடி பல்பு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம், கை நுனியில் அது பெரிய வித்தியாசம். இழை மாதிரி தெரியும் கண்ணாடி எல்இடி பல்புகள் லேசானவை. பழையதில் பயோனெட் ஹோல்டர்தான் (அழுத்தித் திருப்பி மாட்டுவது) இருக்கும், திருகு பல்பை வாங்கிவிட்டு வந்து நிற்காதீர்கள். நிறம் 2700 கெல்வின், அதாவது இதமான மஞ்சள் வெளிச்சம். 470 லூமன் என்றால் பழைய 40 வாட் கணக்கு, மேசைக்குத் தாராளம். இந்த விளக்கையே 25 வாட் பல்பு போதும் என்று சொல்லித்தான் அன்றைக்கு விற்றார்கள், குடை வெளிச்சத்தைச் சிதறவிடாமல் தாளின் மேல் கொட்டுவதால்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் பக்தியோடு பேசுகிறீர்கள், ஒருவராவது எதிர்க்கட்சி வேண்டாமா.

மறுவெளியீடு என்பது பாதி ஏக்க வியாபாரம். தாத்தா காலத்துப் பட்டறை விளக்குக்குப் பித்தளை மூட்டு, வெளிர்ப் பச்சை, எலுமிச்சை மஞ்சள் என்று போட்டு வரவேற்பறைக்கு அனுப்புகிறார்கள். 1227ஐ மூன்று மடங்கு பெரிதாக்கி ஆளைவிட உயரமாக நிற்க வைத்தும் விற்கிறார்கள். அது சிறுவர் கதை எழுத்தாளர் ரோல்ட் டால் அருங்காட்சியகத்துக்காகச் செய்யப்போய்ப் பிறகு கடைக்கு வந்தது, அவர் உட்கார்ந்து எழுதிய குடிலில் இந்த விளக்கு இருந்ததால். மெக்கானிக் வெளிச்சத்தை வேலைக்குப் பக்கத்தில் கொண்டுவருவதற்காகச் செய்ததை மூலையில் பொம்மை மாதிரி நிறுத்திவைப்பது எனக்கு ஒட்டவில்லை. வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை, காசு அவரவருடையது.

அசல், நகல் என்பதும் நாம் நினைக்கிற அளவுக்குத் தெளிவில்லை. வாக்கன்ஃபெல்டின் கண்ணாடி விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளி ஜெர்மனியில் வைமார் நகரில் இருந்தபோது, 1924இல், மாணவர்களாக இருந்த அவரும் யூக்கரும் உருவாக்கியது. பார்த்தால் எந்திரத்தில் வார்த்தது மாதிரி இருக்கும், அன்றைக்குச் செய்தது முழுக்கக் கையால். லைப்சிக் சந்தைக்குக் கொண்டுபோனபோது, மலிவான எந்திரப் பொருள் மாதிரி இருக்கிறதே, இதற்கா இவ்வளவு விலை என்று வியாபாரிகள் சிரித்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1980இல் பிரேமனில் டெக்னோலூமன் நிறுவனம் அவர் அனுமதியோடு மறுபடி செய்ய ஆரம்பித்தது, அப்போது அவர் உயிரோடு இருந்தார். அடியில் எண் பொறித்து வருகிறது. ஆக, 1924இல் அதிகம் பேர் பார்த்திராத ஒரு பொருளின் மறுவெளியீடுதான் உலகம் முழுக்க "அசல்" என்று தெரிந்தது. கிரேட்டா கிராஸ்மன் 1947இல் செய்த முன்னால் சாய்ந்து நிற்கும் தரை விளக்கை குபி என்ற டென்மார்க் நிறுவனம் 2011இல் மறுபடி கொண்டுவந்தபோது அவர் இறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் இருந்திருந்தால் எதை மாற்றச் சொல்லியிருப்பார் என்று யாரைப் போய்க் கேட்பது.

மீனா_கிழக்குலண்டன்

ஐயோ, இவ்வளவு பதிலா. நன்றி எல்லோருக்கும்.

பல்பைக் கழற்றிப் பார்த்தேன். மேலே எழும்புகிறது, ரொம்ப மெதுவாக, தூங்கி எழுந்த பூனை மாதிரி. மகள் பத்து தடவை செய்யச் சொன்னாள்.

கணக்குப்பிள்ளை சார், ஒரு கேள்வி. இணையத்தில் 40 பவுண்டுக்கு இதே தோற்றத்தில் ஒன்று வருகிறதே, அதெல்லாம் சட்டப்படி சரியா?

கணக்குப்பிள்ளை

வக்கீல் இல்லை, பழக்கத்தில் சொல்கிறேன். இந்த நாட்டில் முன்பு ஒரு வசதி இருந்தது. கலைப்படைப்பாக இருந்தாலும் தொழிற்சாலையில் பெருவாரியாகச் செய்து விற்றால் அதற்கான பதிப்புரிமை 25 வருடத்தோடு முடிந்துவிடும். பேர்போன நாற்காலி, விளக்குகளின் நகல்கள் இங்கே பகிரங்கமாக விற்றது அதனால்தான். அந்தச் சட்டப்பிரிவை 2016 ஜூலை 28இல் எடுத்துவிட்டார்கள், கையிருப்பை விற்றுத் தீர்க்க 2017 ஜனவரி வரை அவகாசம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே, காஸ்டிலியோனி சகோதரர்களின் ஆர்கோ விளக்கு விஷயத்தில் ஃப்ளோஸ் நிறுவனம் சீனத்திலிருந்து வந்த நகலை எதிர்த்துப் போட்ட வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2011இல் தீர்ப்பு வந்தது. பளிங்கு அடித்தளத்தில் துடைப்பக் கட்டையைச் செருகித் தூக்க ஓட்டை விட்டிருப்பார்களே, அதே விளக்கு. ஆனால் ஒவ்வொரு டிசைனும் "கலைப்படைப்பு" ஆகிவிடாது, விளக்குக்கு விளக்கு வழக்கு வேறு. கார்வர்டைனின் காப்புரிமை என்றைக்கோ முடிந்தது, ஸ்பிரிங் கணக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். 1937லேயே நார்வேயில் யாக் யாக்கோப்சன் முறைப்படி உரிமம் வாங்கி லுக்ஸோ எல்-1 செய்தார், பிக்சார் கார்ட்டூன் பட நிறுவனத்தின் சின்னத்தில் குதிக்கிறதே ஒரு விளக்கு, அது அந்த வழியில் வந்ததுதான்.

40 பவுண்டு விளக்கில் எனக்குப் பயம் சட்டத்தைப் பற்றி இல்லை. நான் ஒன்று வாங்கினேன், எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. மூன்றாவது மாதம் தலை குனிந்தது, இன்றுவரை நிமிரவில்லை. ஸ்பிரிங் இருக்கிறது, அலங்காரத்துக்கு. வேலையைச் செய்வது சுருள்வில் சொன்ன அதே திருகு.

பழசுப்பித்தன்

ஹாஹா, எதிர்க்கட்சித் தலைவரே ஒப்புக்கொண்டார்.

மீனா, ஸ்பிரிங் எழும்புகிறது என்றால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். மின்வேலையை மட்டும் நீங்களாகச் செய்ய வேண்டாம். பழையதில் இரண்டு இழை ஒயர்தான் இருக்கும், எர்த் கிடையாது, உடம்பு முழுக்க உலோகம். மூன்று இழை ஒயர் போட்டு, உலோகத்தோடு எர்த்தைச் சேர்த்து, அடியிலிருந்து குடை வரை தொடர்பு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டுகளில் பெயிண்டும் துருவும் இருப்பதால் அங்கேதான் தொடர்பு அறும். ப்ளக்கில் 3 ஆம்ப் ஃபியூஸ், 13 இருந்தால் மாற்றிவிடுங்கள். உள்ளூரில் பழைய விளக்கு சரிசெய்பவர்கள் இருப்பார்கள், எலக்ட்ரீஷியனும் செய்வார். துணி சுற்றிய ஒயர்தான் வேண்டுமென்றால் இப்போது உள்ளே நல்ல காப்போடு மேலே துணி சுற்றியே கிடைக்கிறது, பழைய முகமும் கெடாது.

சுருள்வில்

ஒயர் மாற்றுகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். தடித்த ஒயரைக் கை ஓரமாக இழுத்துக் கட்டினால் மூட்டுகளில் அது தனியாக ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், கை நினைத்த இடத்தில் நிற்காது. மெல்லிய, வளையும் ஒயர், மூட்டுக்கு மூட்டு கொஞ்சம் தளர்வு. ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டி வந்தால் முகத்தை விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், விளையாட்டில்லை. ஸ்பிரிங்குக்கு எண்ணெயும் வேண்டாம், தூசி ஒட்டும். மூட்டுகளில் ஒரு சொட்டு போதும்.

கணவருக்குப் புதியதுதான் வேண்டும் என்றால் அதிலும் தப்பில்லை. அவருக்கென்று ஒன்று வாங்கட்டும், பழசு உங்களுக்கு.

கோபன்ஹேகன்_குமரன்

அவருக்குப் பழைய வடிவமே வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால், டைப் 75ஐயும் காட்டுங்கள். கென்னத் கிரேஞ்ச் 2004இல் அதே நிறுவனத்துக்காகச் செய்தது. ஸ்பிரிங் தத்துவம் அதே, தோற்றம் ஒல்லி, அடித்தளம் வட்டம். பழையதை அச்சடித்தாற்போல் திரும்ப வெளியிடுவதைவிட இப்படி அதன் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக வரைவது எனக்கு அதிகம் பிடிக்கும். சின்ன மேசைக்கு அதில் மினியும் இருக்கிறது.

மீனா_கிழக்குலண்டன்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் பழைய ரேடியோ, விளக்கு எல்லாம் பார்ப்பவர், 45 பவுண்டு வாங்கிக்கொண்டு ஒயர், ஹோல்டர், ப்ளக் மூன்றையும் மாற்றிக் கொடுத்தார். எர்த் பார்த்தாரா என்று கேட்டேன், இரண்டாவது மூட்டில் தொடர்பு அறுந்திருந்ததாம், பெயிண்டைச் சுரண்டிச் சரிசெய்திருக்கிறார். விளக்கோடு சேர்த்து 80 பவுண்டு ஆனது. பல்பு, கண்ணாடி எல்இடி, 470 லூமன். வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் அந்த உரிந்த கருப்பு எடுப்பாகத்தான் இருக்கிறது, நானே எதிர்பார்க்கவில்லை.

புதிய பல்பு போட்டதும் கை ஒரு விரல்கடை மேலே எழும்புகிறது, அப்புறம்தான் நிற்கிறது. பல்பு லேசோ என்னவோ. சுருள்வில் அண்ணா, குடைக்குள் ஒரு சின்ன வாஷர் மாட்டிப் பார்க்கவா?

சுருள்வில்

மாட்டுங்கள். ஹோல்டரின் வளையத்துக்கு வெளியே, மின்பாகத்தில் படாமல். பத்து கிராமில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்.